ஓடைப் புழுவும் எங்கள் மதினியும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் மலைக் கிராமமான கூக்காலில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். நான் வேலை பார்க்கிற அங்கன்வாடியில் பிள்ளைகளிடம் மட்டும் குரல் உயர்த்த மாட்டேன். மற்றபடி ஜீப்காரர், ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. என் நாத்தனார் சுதாராணி இதற்கு நேர் எதிர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதைக் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் உறைக்காது.

என் கணவர் சுரேந்திரனின் அக்கா அவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்களுடைய அப்பா அருள்தாஸ் சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு கப்பலேறி வந்து, மலையில் மரம் வெட்டி, கடைசியில் கூக்காலில் முட்டைக்கோசுத் தோட்டத்துக் கூலியாக நின்றார். இன்றைக்கும் அந்த வீட்டில் டீ என்று யாரும் சொல்வதில்லை, தேத்தண்ணிதான். இங்கேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தவர்களைக்கூட ஊரில் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். கேட்கும்போதெல்லாம் நான் சண்டைக்குப் போவேன். மதினி சிரிப்பார். “சொந்த ஊர் எதுன்னு தேடிக்கிட்டே போனா எல்லாரும் கடலுக்குள்ளதான் போயி நிக்கணும் சத்யா” என்பார். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவருக்கு அது கோடி வருஷத்துக்கு முன்னால் போய்த்தான் முடியும்.

படித்தது விலங்கியல். சமவெளியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்கும் சேர்ந்தார். எதைப் பற்றி ஆராய்ச்சி? ஏரியில் கல்லிலும் நாணல் தண்டிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிற நன்னீர்ப் பஞ்சைப் பற்றி. பார்த்தால் பாசி மாதிரி இருக்கும். பாசி இல்லையாம், பிராணியாம். வாய் இல்லை, கண் இல்லை, வயிறு இல்லை, நரம்பும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து தொடங்கி, உலகத்தில் நரம்பு என்பது எப்படி உண்டாயிற்று என்று பார்க்கக் கிளம்பியவர் எங்கள் மதினி. அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆராய்ச்சி மாணவிகளைப் பந்தி பரிமாற வரச் சொன்னாராம்! கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. “போயிட்டு வந்தேன், சாம்பார் நல்லாருந்துச்சு” என்றார் மதினி. அப்பா இறந்து, வீட்டுக்குத் தம்பியின் கூலி மட்டும்தான் என்று ஆனதும் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டார். கொடைக்கானல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சராகச் சேர்ந்து, செண்பகனூரில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை ஆனால் பஸ் பிடித்துக் கூக்கால் வந்துவிடுவார்.

பள்ளியில் ஒரு தடவை பெற்றோர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். குரங்கிலிருந்து மனுஷன் வந்தான் என்று என் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று மேஜையைத் தட்டியிருக்கிறார். நானாக இருந்தால் மேஜையைத் தூக்கியே போட்டிருப்பேன். மதினி பொறுமையாக, “குரங்கு ரொம்பப் பக்கத்துச் சொந்தம்ங்க. நான் அவ்வளவு பக்கத்துல வரவே இல்ல. இன்னும் புழுவுலதான் நிக்கிறேன்” என்றாராம். வந்தவர் எழுந்து போய்விட்டார். தலைமையாசிரியர் மட்டும், பரீட்சைக்கு வராததை நடத்த வேண்டாம் என்று சொல்லிவைத்தார். மதினி தலையாட்டிவிட்டு அடுத்த நாளும் அதையேதான் நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓடைக்குப் போய்விடுவார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பனி மாதிரி குளிர்கிற தண்ணீரில் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டுவார். கல்லுக்கு அடியில் தட்டைப்புழு இருக்கும். நகத்தளவு இருக்கும், பழுப்பு நிறம், முக்கோணத் தலையில் இரண்டு கண், அதுவும் ஒன்றரைக் கண் மாதிரி. ஊரில் அவருக்குப் ‘புழு டீச்சர்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். புழுவைப் போட்டு வைக்க அவர் எடுத்தது என் ஊறுகாய் பாட்டிலை. அன்றைக்கு நான் போட்ட சத்தம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

“கழுவித் தந்துருவேன் சத்யா.”

“கழுவித் தந்தா? அதுல இனி ஊறுகாய் போட்டா நாந்தான் திங்கணும்! உங்க தம்பி கிட்டப் போயி நிப்பாரா?”

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெளியில் கால் வைப்பதே பெரிய பாடாக இருந்தது. ஜன்னல் திண்டில் என் ஊறுகாய் பாட்டிலில் தட்டைப்புழுவும், பக்கத்தில் ஒரு டம்ளரில் பஞ்சு ஒட்டிய கல்லும் இருந்தன. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டேன்.

“ஆதியில ஒரு செல்லே எல்லாச் சோலியும் பாத்துச்சு சத்யா. அதுவே திங்கும், அதுவே நகரும், தொட்டா அதுவே தெரிஞ்சுக்கும். அப்புறம் செல்லெல்லாம் ஒண்ணா சேந்து வாழ ஆரம்பிச்சதும் சோலியப் பங்கு போட்டுக்கிச்சு. நீ தோலாயிரு, நான் தீனியப் பாத்துக்கிறேன், இன்னொருத்தன் சேதி சொல்லட்டும்னு.”

“அங்கேயும் ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலியா?”

சிரித்துவிட்டார். பிறகு பஞ்சைக் காட்டினார். அதனிடம் நரம்பு கிடையாது. ஆனால் நரம்பு செய்யத் தேவைப்படுகிற சாமான்களில் பாதி ஏற்கனவே அதன் செல்களுக்குள் கிடக்கிறதாம். நரம்பு ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை, வீட்டில் கிடந்ததை வைத்து ஒட்டுப்போட்டதுதான் என்றார். அது ஒரு தரம் உண்டானதா, இரண்டு தரம் உண்டானதா என்று இன்னும் சண்டை நடக்கிறதாம். ஏரியில் ஹைட்ரா என்று ஒன்று இருக்கிறது; அதற்கு உடம்பெல்லாம் வலை மாதிரி நரம்பு, தலை என்று தனியாக இல்லை. தட்டைப்புழுவுக்கு வந்தால்தான் தலையில் ஒரு முடிச்சு, அங்கிருந்து வால் வரை இரண்டு கயிறு. “இதுக்கும் நமக்கும் அம்பது அறுவது கோடி வருசத்துக்கு முன்னாடி ஒரே பாட்டன். அந்தப் பாட்டன் குடுத்த நரம்புதான் இதுகிட்டயும் இருக்கு, உங்கிட்டயும் இருக்கு, கோசுப் புழுகிட்டயும் இருக்கு” என்றார்.

சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் பின்னால் வாளியில் ஊறிக்கொண்டிருந்த என் கணவரின் சட்டையைப் பார்த்தார். அவர் பார்வை அங்கே போனதும் எனக்கு விஷயம் புரிந்தது. சுரேந்திரன் பூச்சிமருந்து அடிக்கிறவர். ஞானவேல் என்பவர் குத்தகைக்கு எடுத்திருக்கிற கோசுத் தோட்டத்தில் அவருக்குத்தான் அந்தச் சோலி. முதுகில் சொந்த பம்பைக் கட்டிக்கொண்டு, வெள்ளனே போய், பனி விலகும் முன்னால் அடிக்க ஆரம்பிப்பார். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பார்கள், கையாலேயே கலக்குவார்கள். பம்புக் குழாயின் நுனியில் மருந்து பீய்ச்சுகிற நாசிலில் அடைப்பு விழுந்தால் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது ஊதி மாட்டிக்கொள்வார்கள். இங்கே மருந்தடிக்கிறவர்கள் எல்லாரும் செய்வது அதுதான். ஊசி வைத்துக் குத்திக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பார்கள். அப்படி வெரசாக ஊதி மாட்டுவதில் என் கணவருக்கு ஊரில் பெரிய பேர் வேறு!

மதினி அந்த வாளியிலிருந்து விரல் படாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துப் பாட்டிலில் விட்டார். சொட்டு இறங்கியதும் புழு முதலில் தலையைத் திருப்பிக்கொண்டது. இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. அப்புறம் முறுக்கு மாதிரி சுருண்டது. கொஞ்ச நேரம் துடித்தது, பிறகு அசையவில்லை. டம்ளரிலும் ஒரு சொட்டு விட்டார். பஞ்சு அது பாட்டுக்குக் கிடந்தது.

“நரம்பு இருந்தாத்தானே சாகும்” என்றார் மதினி. “ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு சாறு விடும் சத்யா. சேதி போனதும் அதத் துடைக்க உடம்புல ஒரு ஆளு உண்டு. இந்த மருந்து அந்தத் துடைக்கிற ஆளக் கட்டிப்போட்டுரும். காலிங்பெல்ல விரல் வச்சவன் எடுக்காம நின்னா எப்படி? அப்படி அடிச்சுக்கிட்டே இருக்கும். எச்சி ஊத்தும், வேர்க்கும், கண்மணி சுருங்கும், தசையெல்லாம் துடிக்கும். கடைசியா மூச்சு நிக்கும்.”

என் கணவர் அப்போதுதான் நனைந்துகொண்டு உள்ளே வந்தார். மதினி அவரிடமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். செத்த புழுவைக் காட்டினார். அவர் குனிந்து பாட்டிலைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“நான் என்ன புழுவாக்கா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இந்த ஊரில் எல்லா ஆம்பளைக்கும் இதே எண்ணம்தான். மருந்து பூச்சிக்கு; நாம் ஆறடி ஆள்; நம்மை அது என்ன செய்யும்? அடித்துவிட்டு வந்து தலை கிறுகிறுத்தால் வெயில் என்பார்கள், வெயிலே இல்லாத நாளில் பனி என்பார்கள். கூலியில் கொஞ்சம் கூடக் கிடைக்கிறதென்றால் ஆலகாலத்தையும் தோளில் தூக்கிக்கொள்வார்கள். எனக்கோ இந்த ஆள் ஒருவர்தான். அவர் இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? அன்றைக்கு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பாட்டுக்குத் தேத்தண்ணி குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி ஓடையில் மேலே இருந்து கீழே வரை கல்லைப் புரட்டிப் பார்த்தார். தோட்டத்துக்கு மேலே புழு இருந்தது. தோட்டத்துத் தண்ணீர் வந்து கலக்கிற இடத்துக்குக் கீழே ஒரு கல்லுக்கு அடியிலும் இல்லை. பஞ்சு மட்டும் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றே ஞானவேல் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். நான் பேசக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்.

ஞானவேல் மரியாதை தெரிந்த ஆள். அதுதான் எனக்குப் பிடிக்காது. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா மருந்தடிக்காட்டி கோசு எங்க இருக்கு? சந்தையில ஒரு ஓட்ட விழுந்த கோச எவன் வாங்குவான்? கையுறை வாங்கிக் குடுத்தேன், உங்க தம்பிதான் போட மாட்டேங்கிறான்” என்றார். கையுறை வாங்கிக் கொடுத்தது உண்மை. ஒரு ஜோடி, அதுவும் முதல் வாரத்திலேயே கிழிந்தது. ஒன்றை மட்டும் நான் கவனித்து வைத்திருந்தேன். மருந்தடிக்கிற நாளில் இந்த மனிதர் தோட்டத்துக்கு வந்தால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்க வரப்பில்தான் நிற்பார். கைக்குட்டை மூக்கில் இருக்கும். அங்கிருந்தபடியே, “ஏலே, அந்த ஓரத்த விட்டுட்டியே” என்று கத்துவார்.

திரும்பி வரும்போது நான் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மதினி ஓடையில் இருந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் களை எடுக்கிற பெருமாயி அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து, “சத்தியபிரியா, உம் புருசன் பனி அடிச்சு விழுந்து கெடக்கான், வா” என்றார். துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

தோட்டத்துக் கொட்டகையில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் என் கணவரைப் படுக்கவைத்து, கழுத்து வரைக்கும் கம்பளியால் சுற்றியிருந்தார்கள். இந்த மலையில் விறைத்து விழுந்தவனுக்கு வேறு என்ன செய்வார்கள்? சட்டையோடு, பம்ப் கசிந்து முதுகெல்லாம் நனைந்த அதே சட்டையோடு, மேலே கம்பளி. சுக்குக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். அது வாயோரமாக வழிந்திருந்தது. காப்பி மட்டும் இல்லை, எச்சிலும் ஊற்றிக்கொண்டிருந்தது. பனி அடித்தவனுக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்க்குமா? அவர் இமையைப் பிரித்துப் பார்த்தேன். கண்மணி கடுகு மாதிரி இருந்தது.

“மதினி!” என்று நான் போட்ட கூச்சல் ஓடை வரைக்கும் கேட்டிருக்கிறது. ஓடி வந்தார். வந்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பளியை உருவித் தூர எறிந்தார். அரிவாளை எடுத்துச் சட்டையைக் கிழித்தார். “இழுங்க, நெருப்புகிட்ட இருந்து இழுங்க, வெளிய குழாயடிக்குக் கொண்டாங்க” என்றார். பெருமாயி அக்கா குறுக்கே விழுந்து மறித்தார்.

“ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? குளுருல வெறச்சுக் கெடக்குறவன் மேல பச்சத் தண்ணிய ஊத்தப் போறியா? கொல்லப் போறியா?”

“குளுரு இல்லக்கா இது! மருந்து! நீங்க சுத்தி வச்ச கம்பளிக்குள்ள மருந்து தோல் வழியா எறங்கிக்கிட்டே இருக்கு. நெருப்புச் சூட்டுல இன்னும் வெரசா எறங்கும்.”

பெருமாயி அக்காவின் கை அப்படியே நின்றது. பாவம், அவர் தன் சொந்தக் கம்பளியைத்தான் கொண்டுவந்து போர்த்தியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. என் கோபமெல்லாம் வரப்பில் நின்றுகொண்டிருந்த ஞானவேல்மேல்தான். “ஒண்ணுமில்லமா, ராத்திரி சரக்குப் போட்டிருப்பான். செத்த நேரம் தூங்கவிட்டாச் சரியாயிரும்” என்றார். என் கணவர் குடிக்க மாட்டார் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் கால் பக்கம் தூக்கினேன், பெருமாயி அக்கா தோள் பக்கம் தூக்கினார். மதினி கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, துணி சோப்பால் தம்பியைத் தேய்த்துக் கழுவினார். முதுகு, அக்குள், தலைமுடி, விரல் இடுக்கு என்று ஓர் இடம் விடவில்லை. வாயைத் துடைக்கும்போது கேட்டார், “இன்னிக்கு ஊதுனானா?” களையெடுத்த பெண்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நாசில் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டதாம், அவரும் திரும்பத் திரும்ப ஊதினாராம். வண்டி ஓட்டுகிற மயில்சாமி அண்ணன் கோசு ஏற்ற வந்திருந்த தன் வண்டியிலிருந்து மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, “ஏத்துங்க வெரசா” என்றார். ஞானவேலின் ஜீப் அங்கேதான் நின்றது. சாவி அவர் பையில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பூம்பாறை வளைவெல்லாம் எப்படிக் கடந்தோம் என்று எனக்குத் தெரியாது. மதினி தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வழித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா கண்ணைப் பார்த்ததுமே மருந்து என்று தெரிந்துகொண்டு ஊசி போட ஓடினார். ஆனால் எங்களுக்கு முன்னால் ஞானவேலின் போன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. யாரோ தெரிந்தவர் மூலமாகச் சொல்லியிருக்கிறார்: புருஷன் பெண்டாட்டி சண்டை, மருந்தைக் குடித்துவிட்டான். டாக்டரம்மா மெல்லிய குரலில், “வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையாம்மா?” என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு அந்த இடத்தில் உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. அடப்பாவி! உன் கோசுக்கு அடித்துத்தானே விழுந்தார்? அவர் செத்துக்கொண்டிருக்கும்போதே பழியையும் அவர் தலையில் கட்டுகிறாயா? என் குடும்பத்தையும் சேர்த்து இழுக்கிறாயா? நான் கத்திய கத்தலில் நர்சுகள் ஓடி வந்தார்கள். மதினிதான் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார்: கசிந்த பம்ப், முதுகு, நாசில், கம்பளி. டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். “தண்ணி ஊத்திக் கழுவுனது யாரு?” என்றார். மதினி கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

பிழைத்துவிட்டார். மூச்சுக்கு மெஷின் வைத்துத்தான் பிழைத்தார். வீட்டுக்கு வந்து நன்றாகத் தேறுகிறார் என்று நான் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. பிறகு பாதம். சட்டைப் பொத்தானைப் போட வராது. நடந்தால் செருப்பு கழன்றுபோவது தெரியாது. சில பேருக்கு இப்படிப் பின்னால் வரும், நீண்ட நரம்புகள்தான் முதலில் பட்டுப்போகும், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மதினி. அதைச் சொல்லும்போதும் அவர் குரல் ஏறவில்லை. எனக்கு அவர்மேலேயே எரிச்சல் வந்தது. “உங்க தம்பிதானே? உங்களுக்குக் கோவமே வராதா? உங்க பஞ்சுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டுவிட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம். மதினி அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஞானவேல் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசல் படியில் என் கணவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

“உடம்பு தேறிருச்சு போல” என்றார் ஞானவேல். “நல்லது. கோசு மறுபடி புழு புடிச்சுக் கெடக்கு. புதுசா ஒருத்தன வச்சேன், அடிக்கத் தெரியல. சுரேந்திரன் கைப்பக்குவம் எவனுக்கும் வராது. மெதுவா, முடிஞ்ச அளவு அடிக்கட்டும். கூட ஒரு ஆளு பம்பத் தூக்குவான்.”

என் கணவர் என்ன சொன்னார் தெரியுமா? நடக்க முடியாத காலை மடக்கிக்கொண்டு, “வர்றேண்ணே, அடுத்த வாரத்துல பாப்போம்” என்றார்.

நான் பேயாகிவிட்டேன். புருஷன் என்று பார்க்கவில்லை, முதலாளி என்று பார்க்கவில்லை. என்னென்ன சொன்னேனோ எனக்கே நினைவில்லை. ஞானவேலிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. “நான் என்ன வேணும்னா செஞ்சேன்? ஊர்ல எல்லாரும் அடிக்கிற மருந்துதானே? அவ்வளவு ஆபத்துன்னா கடையில விப்பானா? எனக்கென்னமா தெரியும், நான் என்ன டீச்சரா?” கத்துகிறவளுக்குப் பதில் சொல்வது சுலபம். கத்தக் கத்த என் பேச்சுத்தான் தேய்ந்தது. அவர் முகம் பொறுமைசாலி முகமாகவே இருந்தது.

அப்போது மதினி வீட்டுக்குப் பின்புறம் போனார். என் கணவர் விழுந்த அன்றைக்கு எங்களோடு வண்டியில் வந்த பம்பை அவர் ஒரு பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, யாரும் தொடாமல் மாட்டி வைத்திருந்தார். பள்ளிக்கூட லேபில் போடுகிற கையுறையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, பம்பின் குழாயைக் கழற்றி எடுத்து வந்தார். ஞானவேல் முன்னால் வந்து நின்று, நாசிலை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

“அடைப்பு இருக்குங்க. ஊதிக் குடுங்க. தம்பி திங்கக்கிழமையே வருவான்.”

ஞானவேல் சிரிக்கப் பார்த்தார். “என்ன டீச்சர், விளையாட்டா?”

“ஊர்ல எல்லாரும் ஊதுறதுதானே. ஒரே ஒரு தடவ. ஊதுங்க.”

அவர் ஓர் எட்டு பின்னால் வைத்தார். மதினி ஓர் எட்டு முன்னால் வைத்தார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்காத குரல் ஒன்று அவர் தொண்டையிலிருந்து வந்தது.

“ஊதுடா!”

தெருவே திரும்பிப் பார்த்தது. ஞானவேலின் தலை சட்டென்று இடது பக்கம் திரும்பியது. மதினி குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோனார். தலை வலது பக்கம் திரும்பியது. கை தானாக எழுந்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டது. எனக்குத் தெரியாது என்று இத்தனை நேரம் பேசிய வாய்!

மதினி குழாயைத் தாழ்த்தினார். தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தார். “பாத்தியா சுரேன்? பாட்டிலுக்குள்ள அந்தப் புழு மொத செஞ்ச சோலி இதுதான், நீ பாக்கல. அதுவும் இப்படித்தான் தலையத் திருப்புச்சு” என்றார்.

ஞானவேல் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் அவரையே பார்த்தார். காற்று பார்த்து வரப்பில் நிற்கிற அந்த ஆளை, அத்தனை வருஷம் ‘அண்ணே’ என்று கூப்பிட்ட ஆளை, அவர் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாதம் தரையில் பதிந்ததா என்று கீழே பார்த்து உறுதி செய்துகொண்டார். ஆப்பிள் பையை எடுத்து ஞானவேல் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“நானும் புழுதாண்ணே” என்றார். “நான் வரல.”